கேரளா டூர் நடத்தும் அண்ணாச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிகளுக்கு,

வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமும் பாளை மார்க்கெட் பக்கமும் தென்காசி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் ஃப்ளெக்ஸ் கட்டி, "குளுகுளு கேரளா, 3 பகல் 4 இரவு, சாப்பாடு உட்பட" என்று கூப்பிடுகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். தனி ஒருத்தரை மனதில் வைத்து எழுதவில்லை. போன மே மாதம் நாங்கள் எந்த வேனில் போனோம் என்பதையும் சொல்லப்போவதில்லை. யார் வேனில் போயிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினோம். விடியும்போது திருவனந்தபுரம். பத்மநாபசாமி கோயில் வரிசையில் நின்றோம், கோவளத்தில் கால் நனைத்தோம். மறுநாள் ஆலப்புழை, அங்கேயிருந்து கொச்சி, கொச்சியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக மூணாறு. மூன்று நாளில் எட்டு இடம். அந்த எட்டு இடத்தையும்விட நான் அதிகம் பார்த்தது முன் சீட்டின் முதுகைத்தான். சமையல்காரரையும் கூடவே கூட்டி வந்திருந்ததால் ஆலப்புழையிலும் எங்களுக்குச் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது.

குறை வேறு. அதைச் சொல்ல எங்கள் அத்தையை உள்ளே கொண்டுவர வேண்டும்.

அத்தைக்கு 78 வயசு. பிறந்த ஊர் செங்கோட்டை. அவள் பிறந்தபோது அது திருவிதாங்கூர் மகாராஜா சீமை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோதுதான் செங்கோட்டை மதராஸ் ராஜ்யத்துக்கு, திருநெல்வேலி ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. "நான் எங்கயும் போகலய்யா, ராஜ்யம்தான் என் வீட்டைத் தாண்டிப் போச்சு" என்பாள். 2019-க்குப் பிறகு செங்கோட்டை தென்காசி மாவட்டம் என்று சொன்னால், "அதையும் மாத்திட்டானுவளா" என்று கேட்டுவிட்டு வெற்றிலையைத் தடவப் போய்விடுவாள். மலைக்கு அந்தப் பக்கம் காயல் என்று ஒன்று உண்டு, கரை தெரியாமல் கிடக்கும் என்று அவளுடைய அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாளே தவிர, பார்த்ததில்லை. அவளுக்காகத்தான் உங்கள் வேனில் சீட்டுப் போட்டேன்.

ஆலப்புழை புன்னமடையில் எங்களை வீட்டுப்படகில் ஏற்றினார்கள். முழு நாள் என்று நோட்டீஸில் இருந்தது மூன்று மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. ஏறியதும் ஸ்பீக்கரைப் போட்டார்கள். வாலிபப் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். அத்தை மட்டும் ஓரமாக உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகு ஒரு படித்துறையில் ஒதுங்கியபோது குனிந்து, ஒரு விரலைத் தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்துவிட்டாள்.

"மருமவனே, கரிக்கு."

படகு ஓட்டியவர் பதறிப்போய் "வேண்டாம் அம்மே" என்று கையைப் பிடித்தார். அவர் பதறியதில் நியாயம் உண்டு. அத்தனை படகுகளின் கழிவும் எண்ணெயும் கலக்கிற தண்ணீர் அது. யாரும் அத்தையைப் பார்த்துச் செய்ய வேண்டாம். ஆனால் அவள் அடுத்துக் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த மடல்.

"கடலும் இல்ல, ஆறுன்னா ஓட்டத்தையும் காணல. கொளம்னா கரிக்காது. இது எங்க இருந்துய்யா வருது?"

எனக்குத் தெரியவில்லை. கைடு தம்பியைக் கேட்டேன். "பேக் வாட்டர் சார்" என்றார். அது எனக்கும் தெரியும். டிரைவரைக் கேட்டேன். "எல்லாம் மழைத் தண்ணிதான் அண்ணே" என்றார். 45 பேர், ஆளுக்கு 4,500 ரூபாய் கொடுத்து, 200 கிலோமீட்டருக்கு மேல் வந்து அந்தத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருந்தோம். அது எங்கேயிருந்து வருகிறது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. சரி, ஊருக்கு வந்த பிறகு நானே தேடிப் பார்த்தேன். விடை தெரிந்த அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தைக்கு போன் போட்டு எழுப்பினேன்.

அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அவளுடைய பிறந்த வீட்டுக்குப் பின்னாலிருந்து வருகிறது.

அச்சன்கோவில் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை என்று மூன்று சாஸ்தாவையும் ஒரே சுற்றில் கும்பிட வைத்து நீங்களே எத்தனை சீசன் வண்டி விட்டிருப்பீர்கள். மேக்கரை வழியாக மலை ஏறி இறங்கினால் அச்சன்கோவில். அங்கே கோயில் பக்கம் ஓடுகிற ஆறு மேற்கே போய், வீயபுரத்தில் பம்பையோடு சேர்ந்து, குட்டநாட்டு வழியாக, ஆலப்புழையில் நாங்கள் மிதந்த அந்த வேம்பநாட்டுக் காயலில் விழுகிறது. மணிமலையாறு, மீனச்சிலாறு எல்லாம் அதே காயலுக்குத்தான். அப்புறம் குளத்துப்புழை. அங்கே சாஸ்தா கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி போடாத நெல்லைக்காரர் குறைவு. அந்த மீன்கள் நீந்துகிற ஆறு கல்லடையாற்றோடு சேர்ந்து கொல்லம் அஷ்டமுடிக் காயலுக்குப் போகிறது.

இந்தப் பக்கத்தையும் பாருங்கள். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாகி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. நடுவில் நிற்பது ஒரே மலை. மேகம் அந்தப் பக்கம் இறக்கி வைத்தால் வேம்பநாட்டுக்கும் அஷ்டமுடிக்கும், இந்தப் பக்கம் சிந்தினால் புன்னைக்காயலுக்கு. நம்ம சாரல் என்பதே அவர்களுடைய பெருமழையில் மிச்சம் வருவதுதான்.

இதை அத்தையிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அய்யனார் தண்ணியவா நாக்குல வச்சிட்டுத் துப்புனேன்?" என்றாள்.

அண்ணாச்சிகளே, நான் கேட்பது இவ்வளவுதான். வேன் போகிற வழியை விட்டுவிட்டு, தண்ணீர் போகிற வழியில் ஒரு டூர் போடுங்கள். முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். இந்தத் தைப்பொங்கல் லீவில் நானும் அத்தையும் போய் வந்துவிட்டோம். முடிகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ரயில். பாலருவி எக்ஸ்பிரஸ் நம்ம ஊர் வழியாகவே போகிறது, வசதியான வண்டிதான். ஆனால் மலையை ராத்திரியில் தாண்டுகிறது. வண்டிக்குப் பேர் வைத்த பாலருவி இருக்கிற ஆரியங்காவுப் பக்கத்தைப் பயணிகள் தூங்கிக்கொண்டே கடக்கிறார்கள். நாங்கள் செங்கோட்டையில் அத்தையின் தங்கச்சி வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மதுரையிலிருந்து வருகிற குருவாயூர் வண்டியில் ஏறினோம். அது வெளிச்சம் இருக்கும்போதே மலையைத் தாண்டுகிறது. (டிக்கெட் போடும் முன் நேரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ரயில்வே எப்போது மாற்றும் என்று சொல்ல முடியாது.)

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே 49 கிலோமீட்டர். 1904-இல் மீட்டர் கேஜாகப் போட்ட பாதை. 2010-இல் அகலப்பாதைக்காக மூடினார்கள். திரும்ப முழுசாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருசமும் அத்தை மாதிரி ஆட்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் வீட்டு விசேஷமெல்லாம் பஸ்ஸோடு போச்சு. இப்போது பின்னாலும் ஒரு இன்ஜினை மாட்டித் தள்ளிக்கொண்டு, வண்டி அசைந்து அசைந்து ஏறுகிறது. பகவதிபுரம் வரைக்கும் நம்ம வயல்காடு, நம்ம பனை. அதற்கப்புறம் ஒரு நீளமான குகை. உள்ளே போனதும் பெட்டியில் எல்லாரும் ஊளையிட்டார்கள், அத்தையும்தான். வெளியே வந்தால் காற்றே வேறு. ஈரம். ஜன்னல் கம்பியெல்லாம் சில்லென்று. பனை ஒன்றுகூடக் கிடையாது. பலாவும் ஈட்டா மூங்கிலும், கொஞ்சம் கீழே இறங்கினதும் ரப்பர் மரமும், சிரட்டை கட்டிய பட்டையும்.

கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலம் வரும். வேனில் போகிறவர்கள் ரோட்டில் இறங்கி நின்று அந்தப் பாலத்தைப் படம் எடுப்பார்கள். ரயிலில் போகிறவர்களுக்குப் பாலம் சரியாகத் தெரியாது, படம் எடுக்கிறவர்கள்தான் தெரிவார்கள். நாங்கள் அவர்களுக்குக் கை காட்டினோம். அங்கேயிருந்து ஓடை ஒன்று பள்ளத்தில் கூடவே வருகிறது. அதுதான் கல்லடைக்குப் போகிற தண்ணீர். நான் அத்தையிடம் "அதோ பாரு, அதோட பின்னாலயேதான் நாளைக்குப் போறோம்" என்றேன். புனலூர் வருவதற்குள் அது அகலமான ஆறாகியிருந்தது. புனலூரில் அந்த ஆற்றின் மேல் 1877-இல் கட்டிய தூக்குப்பாலம் இன்னும் நிற்கிறது. நேரமிருந்தால் இறங்கிப் பாருங்கள். நாங்கள் இறங்கவில்லை, அத்தைக்கு முட்டு வலி.

ராத்திரி கொல்லத்தில் தங்கல். காலையில் பாசஞ்சர் வண்டி ஏறி மன்றோ துருத்து ஸ்டேஷனில் இறங்கினோம். நமக்குத் தெரிந்த தாமஸ் மன்றோ வேறு. இந்தத் துருத்துக்கு, அதாவது தீவுக்கு, பேர் வந்தது திருவிதாங்கூரில் வெள்ளைக்காரர்களின் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த ஜான் மன்றோவால். நேற்று மலையில் பார்த்த அதே கல்லடையாறு இங்கேதான் அஷ்டமுடியில் கலக்கிறது. எட்டு முடி, அதாவது எட்டுக் கையாக விரிந்து கிடக்கிற காயல். ஆறு கொண்டுவந்த மண்ணே தீவு தீவாகத் திரண்டிருக்கிறது. இரண்டு பேர் மூன்று பேர் உட்காருகிற சின்ன வள்ளம், கழி ஊன்றித்தான் தள்ளுகிறார்கள். இன்ஜின் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. தலைக்கு மேலே தென்னைமட்டை. தாழ்ந்த பாலம் வரும்போது குனிய வேண்டும். ஒரு வீட்டுக் கொல்லை வழியாகப் போகும்போது சட்னி தாளிக்கிற வாசனை வந்தது.

வள்ளம் தள்ளியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தன் வீட்டைக் காட்டினார். வாசல்படி தண்ணீரில் முங்கியிருந்தது. மழை இல்லாத நாளிலும் காயல் ஏற்றம் வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமாம். மேலே தென்மலையில் அணை கட்டிய பிறகு வண்டல் வருவது குறைந்துபோனது ஒரு காரணம் என்று சொன்னார். ஆறு மண் கொண்டுவந்து கட்டிய ஊர், மண் வராமல் கரைகிறது. அவர் 2018 வெள்ளத்தைப் பற்றிப் பேச, அத்தை 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேச, ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை அத்தை கையை இடுப்புக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். அவர் கழியை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். வீட்டுப்படகில் இப்படி ஒரு பேச்சு நடக்குமா? யார் ஓட்டுகிறார் என்றே நமக்குத் தெரியாது.

கொல்லத்தைப் பற்றி ஒரு துணுக்கு, உங்கள் கைடு தம்பிகளுக்குப் பயன்படும். நம்ம புன்னைக்காயலில் இருந்து தமிழ் படித்து ஊழியம் செய்த போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் தமிழில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், 1578-இல் இந்தக் கொல்லத்தில்தான் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் வந்த முதல் அச்சுப் புத்தகம் அது. முத்துக்குளிக்கிற கடற்கரைக்கும் மிளகு ஏற்றுகிற கடற்கரைக்கும் அந்தக் காலத்திலேயே போக்குவரத்து இருந்திருக்கிறது. நாம்தான் இப்போது மூணாறைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டேன் என்கிறோம்.

ஆலப்புழைக்கு வருவோம். வீட்டுப்படகை விடச் சொல்லவில்லை. அதை நம்பி எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது. ஆனால் அது என்ன என்று சொல்லிவிட்டு ஏற்றுங்கள். கெட்டுவள்ளம் என்று பேர். எங்கள் வேனில் ஒருத்தர் "கெட்டுப்போன வள்ளமா" என்று கேட்டார். கெட்டு என்றால் கட்டு. ஆணி அடிக்காமல், ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் கட்டித் தைத்துச் செய்கிற வள்ளம். குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோன சரக்கு வண்டி அது. ரோடும் லாரியும் வந்து வேலை இல்லாமல் போனபின், 1990-கள் வாக்கில்தான் கூரை போட்டுக் கட்டில் போட்டு நம்மை ஏற்ற ஆரம்பித்தார்கள். அப்புறம், ராத்திரித் தங்கலுக்கு விற்கிறீர்களே, சாயங்காலம் ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மீன்பிடிக்கிறவர்கள் வலை விரிக்கிற நேரம் அது. இதைச் சொல்லாமல் கூட்டிப்போய், "ராத்திரி ஓட்டலேன்னா காசத் திருப்பிக் குடு" என்று நம்ம ஆட்கள் அந்த ஊர்க்காரர்களிடம் சண்டைக்கு நின்ற கதை எனக்குத் தெரியும்.

நாங்கள் ஏறியது அரசுப் படகில். நம்ம டவுன் பஸ் மாதிரி, கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டுகிறது. ஆலப்புழை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. நெடுமுடி, கைநகரி, புளிங்குந்நு, காவாலம் என்று போர்டு தொங்கும், கோட்டயம் வரைக்கும்கூடப் படகு உண்டு. அத்தை சின்ன வயசில் பழகிய நாலைந்து மலையாள எழுத்தைக் கூட்டிக் கூட்டி போர்டைப் படித்துவிட்டாள். அந்தச் சந்தோசத்தில் டிக்கெட்டுக்கும் அவளே காசு கொடுத்தாள். டீ, வடைக் காசுதான் டிக்கெட். ஸ்கூல் பிள்ளைகள், மீன்கூடைக்காரி, தபால்காரர், கேஸ் சிலிண்டர் எல்லாம் அதில்தான் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு துறையிலும் மணி அடித்து நிறுத்தி, மணி அடித்துக் கிளம்புகிறார்கள்.

வயல்காரி ஆனதால் அத்தைக்கு ஒன்று உடனே கண்ணில் பட்டது. படகு மேலே போகிறது, நெல் கீழே நிற்கிறது. கரையைத் தாண்டி எட்டிப் பார்த்தால் பச்சை வயல் காயல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. குட்டநாட்டு வயல்களில் பல கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் கீழே. சுற்றிலும் வரப்பு போட்டு, உள்ளே நிற்கிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிவிட்டு நடுகிறார்கள். பெட்டியும் பறையும் என்று ஒரு மர எந்திரம், மோட்டார் வைத்து ஓட்டுவது, தண்ணீரைக் கீழேயிருந்து மேலே காயலுக்குத் துப்புகிறது. 2013-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இதைப் பாரம்பரிய விவசாய முறை என்று பட்டியலில் சேர்த்திருக்கிறது. அத்தை அதையெல்லாம் கேட்கவில்லை. "நாம கன்னடியன் கால்வாய்ல தண்ணி விடமாட்டேங்கான்னு கலெக்டராபீசுக்குப் போவோம், இவுக தண்ணியப் போகச் சொல்லி அடிச்சு விரட்டுதாக" என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மா எதுவும் புரியாமலே சிரித்தார்.

திரும்பி வந்து துறையில் இறங்கும்போது, நான் தடுப்பதற்குள் அத்தை மறுபடி விரலை முக்கிவிட்டாள்.

"ஏ மருமவனே, இப்பக் கரிக்கல!"

மே மாதம் கரித்த தண்ணீர் ஜனவரியில் கரிக்கவில்லை. காரணம் வடக்கே இருக்கிற தண்ணீர்முக்கம் பண்டு, அதாவது தடுப்பணை. வேம்பநாட்டுக் காயல் 96 கிலோமீட்டர் நீளம். இந்தியாவிலேயே நீளமான காயல். அது ஒடுங்குகிற இடத்தில் 1970-களில் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமாக ஷட்டர் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்கினால் கொச்சிப் பக்கமிருந்து ஏறுகிற உப்புத்தண்ணீர் குட்டநாட்டு நெல்லுக்கு வராது. அறுப்பு நேரம் முடிந்து தூக்கிவிட்டால் உப்பு தெற்கே வரும். நெல் போடுகிறவர்களுக்கு அது மூடியிருக்க வேண்டும், மீன் பிடிக்கிறவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். மூடிக் கிடந்தால் மீனும் இறாலும் ஏறி வராது, ஆகாயத்தாமரை மண்டிப்போகும், அழுக்கு வெளியேறாது. அதனால் வருசா வருசம் எப்போது திறப்பது என்று பேச்சுவார்த்தை. நம்ம ஊரில் மருதூர் அணைக்கட்டையும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டையும் வைத்து நடக்கிற சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டிப்போய்க் காட்டினால் போதும், நம்ம ஆட்களே டீக்கடை வைத்துப் பஞ்சாயத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பண்டின் மேலேயே ரோடு போகிறது, வேன் தாராளமாகப் போகலாம். அந்த வழியாக அப்படியே வைக்கத்துக்கும் போய்விடலாம். 1924-இல் கோயில் தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்கலாம் என்று போராட்டம் நடந்த ஊர், பெரியார் ஜெயிலுக்குப் போன ஊர், நினைவகம் இருக்கிறது. 2017-இலிருந்து அங்கே சூரிய ஒளியில் ஓடுகிற படகும் இருக்கிறது. சத்தமே இல்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். எந்தப் படகானாலும் ஏற்றும் முன் பதிவு எண்ணைப் பாருங்கள், எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், ஜாக்கெட்டை மாட்டச் சொல்லுங்கள். 2009-இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள், அதில் நம்ம தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. 2023 மே மாதம் தானூரில் 22 பேர், அதில் குழந்தைகள்தான் அதிகம். அளவுக்கு மேல் ஏற்றியதுதான் அங்கே வினை. போன மே மாதம் எங்கள் படகில் ஜாக்கெட் எல்லாம் ஒரு கயிற்றில் கட்டி மேலே தொங்கியது. கேட்டதற்கு, "அழுக்காயிரும் சார்" என்றார்கள். அதைக் கேட்டு நானும் சும்மாதான் இருந்தேன். உங்களை மட்டும் சொல்லவில்லை.

சாப்பிட்ட தட்டைத் தண்ணீரில் வீசியதும் நம்ம ஆட்கள்தான். சாம்பார் ஒட்டிய பேப்பர் தட்டு ஒன்று படகோடு கூடவே கொஞ்ச தூரம் மிதந்து வந்தது, அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படியில் பழைய துணியை விட்டுவிட்டு வருகிற கை, காயலுக்குப் போனதும் மாறிவிடுமா? ஒரு சாக்குப்பை கொண்டுபோனால் தீர்ந்தது. இதற்கு மேல் எழுதினால் பிரசங்கம் ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று. இதற்குத்தான் நீங்கள் சிரிப்பீர்கள். டூரின் கடைசி நாளில் மூணாற்றை எடுத்துவிட்டுப் புன்னைக்காயலைப் போடுங்கள்.

காயல் என்ற சொல்லை மலையாளத்தான் நமக்குக் கொடுக்கவில்லை. பழையகாயல், காயல்பட்டினம், புன்னைக்காயல் என்று நம்ம ஆற்று முகத்தில் மூன்று ஊர் அந்தப் பேரோடு நிற்கிறது. மார்க்கோ போலோ எழுதிவைத்த துறைமுகம் அதில் ஒன்று. அதற்கும் முந்தின கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி, வாழைத் தோட்டத்து நடுவே கிடக்கிறது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து தூர்த்துத் தூர்த்து, துறைமுகத்தை ஒவ்வொரு ஊராக நகர்த்திவிட்டது. மன்றோ துருத்தில் மண் வராததால் ஊர் முங்குகிறது, இங்கே மண் வந்ததால் ஊரைக் கடல் கைவிட்டது. இரண்டையும் ஒரே டூரில் பார்த்தவன் ஆற்றைப் பற்றி வேறு படிக்க வேண்டியதில்லை. வள்ளம் என்றுதான் அங்கேயும் சொல்கிறார்கள். அலையாத்திக் காடும் இருக்கிறது, உப்பளமும் இருக்கிறது. மலையாள நாட்டுப் பச்சையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். ஊரில் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் போங்கள். அது மீன்பிடிக்கிற ஊர், பார்வைக்கு வைத்த ஊர் இல்லை.

நாங்கள் போன அன்று அத்தை ஆற்று முகத்தில் நின்று அந்தப் பக்கம் கடலையும் இந்தப் பக்கம் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "குத்தாலத்துத் தண்ணியா இது?" என்றாள். ஆமாம் என்றேன். குனியப் போனவளைப் பிடித்து நிறுத்தினேன். "இது கரிக்கும், எனக்கே தெரியும்" என்று கையை உதறினாள்.

அடுத்த சீசனுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது இப்படி ஒரு டூரும் போட்டுப் பாருங்கள். எட்டு இடம் வேண்டாம், நாலு போதும். காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. எங்கள் தெருவில் ஏற்கெனவே 11 பேர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள், அத்தைதான் ஆள் பிடித்தாள். செங்கோட்டையில் ரயில் ஏற்றிவிட்டு வேனைக் கொல்லத்துக்கு அனுப்பினால் உங்களுக்கும் சுலபம். அத்தைக்கு மட்டும் ரயிலில் ஜன்னலோரம், வேனில் முன் சீட். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும்.

இப்படிக்கு,
செங்கோட்டைக்காரி ஒருத்தியின் மருமகன்,
பாளையங்கோட்டை.